பூங்காவை வரைந்தவன்

துபாயில் குளுகுளுவென்று உட்கார்ந்திருக்கும் எஞ்சினியர் தம்பி வஜீஹுக்கு, கெய்ரோவில் வெந்துகொண்டிருக்கும் அக்கா நாஹித் சலாம் சொல்லி எழுதுவது. நீயும் உன் மனைவியும் நலமா? நலமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கென்ன குறை.

நீ அனுப்பின ஏசி வந்தது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறாய், கெட்டிக்காரன்! நம்மைப் பெற்ற பாபா அதை மாட்ட விடவில்லை. அது கக்குகிற சூடு கீழ்வீட்டு தெரேசா அம்மாவின் ஜன்னலில் போய் விழுமாம். தெருவில் இப்போது வீட்டுக்கு வீடு ஏசிதான், ஒருவர் சூட்டை இன்னொருவர் தலையில் கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

எதிர்ப் பூங்காவில் பாதி, நீ வரைந்தபடியே முடிந்துவிட்டது. நாற்பத்திரண்டு அத்திமரம் போச்சு, புல் போச்சு. பளபளவென்று கல் பாவி, நடுவில் ஒரு காபிக் கடை, நாலு பிளாஸ்டிக் பேரீச்சை. மத்தியானத்தில் அந்தக் கல்லில் நாய்கூடக் கால் வைப்பதில்லை. முன்பு பெரிய சாலையிலிருந்து நம் தெருவுக்குள் திரும்பினாலே வியர்வை அடங்குமே, மறந்துவிட்டாயா? மூன்று தெரு தள்ளியிருக்கும் மருந்துக்கடை வரை அந்தக் குளிர்ச்சி போகும். மரம்தான் ஊரைக் குளிர வைக்கிறது என்று கழுதை வண்டிக்காரனுக்குத் தெரியும். பட்டம் வாங்கின உனக்குத் தெரியவில்லை, தூ!

பாபாவுக்கு மூச்சுத்திணறல் கூடிவிட்டது. வடக்குக் காற்றுக்காகவே வாங்கின வீடில்லையா? இன்னமும் சாயங்காலம் அஸர் தொழுததும் வடக்கு ஜன்னலைத் திறந்துவைத்து உட்காருகிறார். அனல் அடிக்குது, மூடுங்க பாபா என்றால், "சும்மா இருடி, அம்பது வருஷமா வந்த காத்து வழி மறந்துடுமா?" என்கிறார். டாக்டர் இந்தக் கோடைக்கு உத்தரவாதம் தரவில்லை.

அந்த ஜன்னலில் உட்கார்ந்துதான் தினமும் சாபம். "இதை வரைஞ்சவன் எவனோ, அவன் அப்பன் வீடு இடிஞ்சு நாசமாப் போக!" என்று கத்துகிறார். முதலில் தெருவே ஆமீன் சொன்னது. போன வாரம் வேலியில் பலகை வைத்தார்கள்: "வடிவமைப்பு, எஞ்சினியர் வஜீஹ் ருஷ்தி." உன் பெயரை ஒட்டியே பாபா பெயரும், கொட்டை எழுத்தில். அதிலிருந்து ஒருவரும் ஆமீன் சொல்வதில்லை. எனக்கு மானம் போகிறது.

மிச்சப் பாதியை ஆகஸ்டில் வெட்டப் போகிறார்கள். அதைத் தடுக்க பாபா மனு போடப் போகிறார். அவருக்குத்தான் எழுத்துப் படிக்கிற அளவுக்குக் கண் தெரியாதே, மனுவில் சேர்க்கப் பலகையில் இருக்கிற பெயரைப் படித்துச் சொல்லச் சொன்னார். மழையில் அழிந்துவிட்டது என்றேன். கெய்ரோவில், ஜூலையில், மழை! என்னை ஒரு பார்வை பார்த்தார். வெள்ளிக்கிழமை வக்கீல் வருகிறார், அவரைப் படிக்கச் சொல்லப் போகிறார்.

அதற்கு முன் வந்துவிடு. மரங்களைக் காப்பாற்ற உனக்கு முதுகெலும்பு இல்லாவிட்டால் போகட்டும். அவர் பக்கத்தில் நின்று, "பாபா, உங்க வீட்டை நீங்களே சபிக்காதீங்க, வரைஞ்சது நான்தான்" என்று உன் வாயால் சொல். அல்லாஹ் உனக்கு அந்த வெட்கத்தையும், அதைக் கேட்கும்வரை அவருக்கு மூச்சையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் உன் அக்காவாகவே இருக்கும்
நாஹித்