உன் படிவம் என் பையில் இருந்த நாட்கள்

சிட்னியில், நான் ரயில் ஏறும் பென்டில் ஹில் ஸ்டேஷன் சுவரில் புதிதாக ஒரு விளம்பரம் ஒட்டியிருக்கிறார்கள். முதுகுப்பை மாட்டிய ஒரு பெண் ஏதோ ஒரு நாட்டின் வீதியில் வாயைத் திறந்து சிரிக்கிறாள். ஒரு பருவம் வெளிநாட்டில் படியுங்கள், அரசு உதவும், படித்தது உங்கள் பட்டத்தில் சேரும். காலை ரயிலுக்கு நின்ற எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. யாரென்றே தெரியாத பெண்மீது அப்படியொரு எரிச்சல். வேலைக்குப் போகும் வழியெல்லாம் அது தணியவில்லை. இறங்குகிற நேரத்தில்தான் அது யார்மேல் என்று தெரிந்தது.

நீ இறந்து ஏழு மாதம். இன்னும் உன்மேல் பொறாமைப்படுகிறேன். இதை உன்னைத் தவிர யாரிடம் சொல்ல முடியும்?

அப்போது நாங்கள் மெல்பேர்னில். கிளென் வேவர்லியில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே இரண்டு தெரு. ஒரே பள்ளிக்கூடம். பிறகு ஒரே பல்கலைக்கழகம், ஒரே துறை, நகரத் திட்டமிடல். ரயில் அங்கிருந்துதான் புறப்படும் என்பதால் காலையில் எப்போதும் இடம் இருக்கும். ஜன்னல் பக்கம் உனக்கு. நான் கேட்டதில்லை. நீ தந்ததுமில்லை.

ஒருநாள் அந்த ரயிலில் நான் உன்னிடம் சொன்னேன். "உடைஞ்ச ஊரைத் திருப்பி எப்பிடிக் கட்டுறதெண்டு ஒருத்தரும் எங்களுக்குப் படிப்பிக்கேல்லை, என்ன?" நீ வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். காதில் விழவில்லை என்று நினைத்தேன்.

மூன்றாம் வருடத்தில் அந்த அறிவித்தல் வந்தது. ஜப்பானில், கோபே நகரத்தில், ஒரு பருவம். பூகம்பத்தில் இடிந்து, திரும்பக் கட்டப்பட்ட நகரம். கன்பராவில் இருக்கும் ஓர் அரசுத் திணைக்களம் டிக்கெட்டுக்கும் சீவியத்துக்கும் உதவி செய்யும். நிபந்தனை ஒன்றுதான். அங்கே படிக்கிற பாடங்கள் இங்கே பட்டத்தில் கிரெடிட்டாகச் சேர வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் நம் துறைப் பேராசிரியை முன்கூட்டியே கையெழுத்துப் போட வேண்டும். சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு அரசு பணம் தராது. எங்கள் துறைக்கு ஓர் இடம்.

நான் விண்ணப்பித்ததை உனக்குச் சொல்லவில்லை. அம்மா சொல்ல விடவில்லை. "சரி வந்தாப் பிறகு சொல்லலாம். இப்ப சொன்னால் நாவூறு பட்டிடும்." அந்த வெள்ளிக்கிழமை அர்ச்சனை செய்ய த பேசின் என்ற புறநகரில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். கார் நிறுத்துமிடத்தில் உங்கள் கார். உன் அம்மா தட்டோடு இறங்கிக்கொண்டிருந்தார். இரண்டு அம்மாக்களும் ஒருவர் தட்டை ஒருவர் பார்த்தார்கள்.

"என்ன, இண்டைக்கு விசேசமோ?" என்று என் அம்மா கேட்டார்.

"சீ, சும்மா வந்தனாங்கள். நீங்கள்?"

"நாங்களும் சும்மாதான்."

நீயும் நானும் பக்கத்துப் பக்கத்தில் நின்று, ஒரே பிள்ளையாரிடம், ஒரே இடத்தைக் கேட்டோம். ஐயர் உன் நட்சத்திரத்தை முதலில் சொன்னார்.

அடுத்த வாரம் நேர்முகத் தேர்வு. எனக்கு முடிந்து கதவைத் திறந்தால் வெளியே கதிரையில் நீ. உன்னுடைய ஒரே நல்ல சட்டையைப் போட்டிருந்தாய்.

"எடியே, நீயும் சும்மா வந்தனியோ?" என்று கேட்டு, நடைபாதை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் புள்ளிகள் உன்னுடையதைவிடக் கூட. அதை மனத்துக்குள் சொல்லிக்கொண்டுதான் படியிறங்கினேன்.

உனக்குக் கிடைத்தது.

நீ கதையை முழுதாகச் சொன்னாய், அதே ரயிலில், அதே ஜன்னல் பக்கத்தில் இருந்துகொண்டு. ஏன் கோபே என்று கேட்டார்களாம். "உடைஞ்ச ஊரைத் திருப்பி எப்பிடிக் கட்டுறதெண்டு பார்க்கவேணும், எனக்கு அப்பிடி ஒரு ஊர் இருக்கு எண்டு சொன்னனான். கேள்வி கேட்ட மனிசி பேனையைக் கீழை வச்சிட்டாள்."

நான் உன் முகத்தைப் பார்த்தேன். களவின் அடையாளம் எதுவும் இல்லை. அது உன்னுடைய வசனம் என்றே நீ நம்பினாய். உன் ஊரும் என் ஊரும் ஒன்றுதான், போரில் உடைந்தபோது சேர்ந்தே உடைந்தது, அதைச் சொல்ல எனக்குள்ள உரிமை உனக்கும் உண்டு. இதெல்லாம் எனக்குத் தெரியும். அறைக்குள் அதே கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? என் பாடங்களுக்கு அவர்களுடைய பாடங்கள் எவ்வளவு பொருத்தம் என்று அட்டவணை போட்டு விளக்கினேன்.

நீ போனாய். விமான நிலையத்தில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இரண்டாம் வாரம் உன்னிடமிருந்து மின்னஞ்சல். நீ எடுத்த நாலு பாடங்களில் ஒன்றை அங்கே நிறுத்திவிட்டார்கள். பதிலுக்கு வேறொன்று. இங்கே பேராசிரியை கையெழுத்திட்டால்தான் அது கிரெடிட்டில் சேரும். அதற்கும் கெடு இருந்தது. படிவத்தை நீ தபாலில் நேரே துறைக்கே அனுப்பியிருக்கலாம். எனக்கு அனுப்பினாய். எங்கள் ஆட்கள் கந்தோர் மேசைகளை நம்புவதில்லை, ஆளைத்தான் நம்புவார்கள். கொழும்புக்கு மருந்து அனுப்புவதென்றாலும் பெட்டியில் இடத்தோடு போகிற ஒருவரைத் தேடிப் பிடித்துக் கையில் கொடுத்துவிடுகிறவர்கள். நீயும் அப்படித்தான். "ஒஃபிசுக்கு அனுப்பினால் மேசையிலை கிடக்கும். நீ கையிலை குடு. அப்பதான் அசையும்" என்று எழுதியிருந்தாய்.

உறை எனக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து கெடுவுக்கு ஏழு நாள்.

அந்தப் பேராசிரியையின் அறையைத் தினமும் தாண்டிப் போனேன். கதவு பெரும்பாலும் திறந்தே இருக்கும். உறை என் பையில், புத்தகங்களுக்கு நடுவே. முதல் நாள் மறதி. உண்மையாகவே மறதி. இரண்டாம் நாள் மறக்கவில்லை. நாளைக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் ஒரு சுகம் வந்தது. அதை இப்போதும் எழுதக் கூச்சமாக இருக்கிறது. உன் பருவம் என் பையில் இருந்தது. நான் நடந்தால் அதுவும் நடந்தது.

அஞ்சாம் நாள் நீ ரெலிபோன் எடுத்தாய். ரெலிபோன் காட் போட்டு எடுக்கும் அழைப்பு. உன் குரல் போய்ப் போய் வந்தது.

"கிடைச்சதோ?"

"ஓம்."

"குடுத்திட்டியோ?"

"ஓம், ஓம்."

"நீ இருக்கேக்கை எனக்கென்ன பயம். எடி, இஞ்சை ஒரு தெருவிலை அரைவாசி புதுசு, அரைவாசி அப்பிடியே விட்டிருக்கிறாங்கள், வேணுமெண்டு. நீ பார்க்கவேணும். சரி, காட் முடியுது, வைக்கிறன்."

நீ பார்க்கவேணும் என்றாயே. அதற்காகவே இன்னும் நாலு நாள் வைத்திருந்தேன்.

ஒன்பதாம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். துறை அலுவலகத்தில் இருந்த பெண் திகதியைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, பிந்திவிட்டது என்றாள். அவளோடு கொஞ்சம் வாதாடினேன். பார்ப்பவர்களுக்கு நல்ல சிநேகிதி.

நிபந்தனை மீறல் என்று கன்பரா உன்னைத் திருப்பி அழைக்கும் என்றுகூட எதிர்பார்த்தேன். அழைக்கவில்லை. நீ விளக்கம் எழுதினாய், மூன்று பாடம் சேர்ந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். நாலாவது பாடத்தில்தான் உனக்கு அதிகூடிய புள்ளி. அது எதிலும் சேரவில்லை.

திரும்பி வந்து, எல்லோரும் கடற்கரைக்குப் போகிற கோடையில், விட்ட பாடத்தை நீ கோடை வகுப்பில் படித்தாய். நான் பட்டம் வாங்கிவிட்டேன். அந்த மூன்று மாதமும் நான் நன்றாக நித்திரை கொண்டேன் என்று நினைக்கிறேன்.

அந்தக் கோடை வகுப்பில் உனக்குப் பக்கத்துக் கதிரையில் ஒருவன் இருந்தான்.

கலியாண மேடையில் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, "அந்த ஒரு பாடம் போகாட்டி இவரைக் கண்டிருக்கவே மாட்டன்" என்றாய். சபை கைதட்டியது. நான் உனக்கு ஒரு பருவத்தைக் கெடுக்கப் பார்த்தேன். நீ அதிலிருந்து ஒரு வாழ்க்கையை எடுத்துக்கொண்டாய். உனக்குத் தீங்குகூட ஒழுங்காகச் செய்ய எனக்குத் தெரியவில்லை.

பிறகு நோய். சிட்னியிலிருந்து நான் கடைசியாக வந்தது ஒரு பிற்பகல். உன் கட்டிலருகே இருந்து சொன்னேன்.

"அந்தக் கோபேப் படிவம். நான்தான் குடுக்காமல் வச்சிருந்தனான். ஒன்பது நாள். வேணுமெண்டு."

நீ என்னைப் பார்த்தாய். உன் வாய் கோணியது. அழப்போகிறாய் என்று நினைத்தேன். சிரித்தாய்.

"போடி விசரி. என்னைச் சிரிக்கப்பண்ண வந்தனியோ?"

"உண்மையாத்தான் சொல்லுறன்."

"நீயோ? லைப்ரரிப் புத்தகத்தை ஒரு நாள் முந்திக் குடுக்கிற ஆள். அது ஒஃபிசிலைதான் எங்கையோ கிடந்திருக்கும்." உன் கணவன் தேத்தண்ணியோடு உள்ளே வந்தான். "இஞ்சை கேளுங்கோ, எங்கடை கலியாணத்தைத் தான்தானாம் செய்து வச்சது." அவனும் சிரித்தான். நானும் சிரித்தேன். மூன்றாவது தடவை சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. பதினாறு நாளில் நீ போய்விட்டாய்.

நீ நம்பாததால் மன்னிக்கவும் இல்லை. அது அப்படியே என்னிடம் இருக்கிறது.

யாராவது "குடுத்திட்டன்" என்றால் நான் இப்போது ரெலிபோன் எடுத்து விசாரிக்கிறேன். பிறகு நேரில் போயும் பார்க்கிறேன். வேலை இடத்தில் இதற்காக என்னைக் கெட்டிக்காரி என்கிறார்கள். நான் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தவள், ஆட்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். நீ ஒரு தடவைதான் கேட்டாய். ஓம் என்றேன். அந்த ஒரு ஓமை நீ சாகும்வரை வைத்திருந்தாய், நானே வந்து பொய் என்று சொன்ன பிறகும். ஒருத்தியை அப்படி நம்பிக்கொண்டு இருப்பது எப்படி இருக்கும்? எனக்குத் தெரியாது. ஜப்பானைவிட, அவனைவிட, இதற்குத்தான் இப்போது உன்மேல் பொறாமை.