போதகர் பல்லிடுக்கில் ஒரு சர்க்கரைக் கட்டி

மின்னசோட்டா,
1891 நவம்பர், கடைசி ஞாயிறு

அன்பு மகள் ஹெட்விக்குக்கு,

இங்கே நான், அப்பா, உன் தங்கை எலின், பசு மாயிரோஸ் நால்வரும் கர்த்தர் தயவால் சுகம். சிகாகோவில் நீயும், நீ கட்டிக்கொள்ளப் போவதாக எழுதியிருக்கிற அந்த மைல்ஸும் அதே சுகத்தோடு இருக்க வேண்டும். மைல்ஸ் பெயரை எழுதவா வேண்டாமா என்று எலின் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள், எழுதடி என்றேன். எனக்கு வாசிக்கத்தான் தெரியும், எழுத வராது என்பதால் இவள் தயவில்தான் உன்னிடம் பேச வேண்டியிருக்கிறது, இவளோ பள்ளிக்கூடத்துப் புத்தகங்களையெல்லாம் படித்து முடித்துவிட்ட திமிரில் நான் சொல்வதைத் திருத்தித் திருத்தி எழுதுகிறாள். எங்கேயாவது நான் பெரிய படிப்பாளி மாதிரிப் பேசினால் அது நானில்லை என்று தெரிந்துகொள்.

உன் கடிதம் உருளைக்கிழங்கு தோண்டும்போது வந்தது. அயர்லாந்துக்காரன், டிராம் வண்டி ஓட்டுகிறான், நம் சபையில்லை, போப்பின் சபை என்று எலின் உரக்கப் படித்ததும் உன் அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி வயலுக்குப் போனவர்தான், அன்றிலிருந்து உன் பெயரை வாயில் எடுக்கவில்லை. அவர் பேசாமல் இருப்பது புதிதா, என்னைப் பெண் கேட்டு வந்தபோதே அவருக்கும் சேர்த்து அவருடைய அண்ணன்தான் பேசினார். ஆனால் இது வேறு மாதிரி மௌனம். உன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டிருந்தார், நான் திருப்பி வைப்பேன், காலையில் பார்த்தால் மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். கிறிஸ்துமஸுக்கு நீ மைல்ஸோடு வரலாமா என்று கேட்டிருந்தாயே, அதற்கு இத்தனை நாள் நான் பதில் போடாததற்கு அந்த நாற்காலிதான் காரணம்.

இந்த வருஷம் நம் வட்டாரத்து ஞானோபதேச விசாரணை, போதகர் வந்து ஒவ்வொருவரிடமும் வேதபாடம் கேட்பது, நம் வீட்டில் நடந்தது. நம் பழைய நாட்டு ஸ்மோலாந்தின் கல்லையும் பசியையும் விட்டுவிட்டுக் கடல் தாண்டி வந்தோம், இந்த விசாரணை மட்டும் நம் பின்னாலேயே கப்பலேறி வந்துவிட்டது. மூன்று நாள் தரையைத் தேய்த்தேன். போதகர் செடர்ஹோல்ம் வந்தார், போன வருஷத்தைவிட இன்னும் ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறார், பரலோக வாசல் அகலம் என்று அவருக்கு ஏதோ தனிச் செய்தி வந்திருக்க வேண்டும். அண்டை வீடுகளெல்லாம் வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள், கல்யாணத்துக்கு வந்தவர்களைப்போல் உடுத்தி, திருடிப் பிடிபட்டவர்களைப்போல் விழித்துக்கொண்டு. எலினிடம் கேட்டதற்கு, அவர் கேட்காத கேள்விகளுக்கும் சேர்த்து அவள் பதில் சொன்னாள், போதும் பிள்ளை என்று அவரே கையைக் காட்ட வேண்டியதாயிற்று. உன் அப்பாவிடம் மட்டும் நான்காம் கற்பனையைக் கேட்டார், தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு என்பதை. வேண்டுமென்றே கேட்டார். பக்கத்து வீட்டு பிரித்தா என் இடுப்பில் இடித்து, "கேட்டியா காய்சா, யாரைக் குத்துறாருன்னு" என்றாள். உனக்குத்தான் கேட்காமலிருக்கும், எனக்குக் காது நன்றாக இருக்கிறது என்றேன்.

பிறகு பால்கட்டிப் பணியாரமும் காப்பியும் வைத்தேன். நீ அனுப்பிய காப்பிக்கொட்டை, அன்று காலையில்தான் வறுத்தது, வீடே மணத்தது. போதகர் இரண்டு கோப்பை முடித்து மூன்றாவது கேட்டு வாங்கிக்கொண்டு, உன் அப்பாவைப் பார்த்து விஷயத்துக்கு வந்தார். "அவுகுஸ்ட், உங்க மூத்தவ விஷயம் எல்லாருக்கும் தெரியும். கிறிஸ்துமஸுக்கு முந்தியே அவ பேரைச் சபையிலேர்ந்து எடுத்துடறதுதான் நல்லது. அவ இந்தப் பக்கம் வர வேண்டாம்னு நீங்களும் ஒரு வார்த்தை எழுதிப் போட்டுடுங்க. என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். உன் அப்பா பதில் சொல்வதற்குள் ஒரு பருவம் மாறிவிடும் என்பது ஊருக்கே தெரியும். அதனால் போதகர் நிதானமாகக் காப்பியைத் தட்டில் ஊற்றினார், ஒரு சர்க்கரைக் கட்டியை எடுத்து முன்பல்லில் கடித்துக்கொண்டு உறிஞ்ச ஆரம்பித்தார். மற்றவர்களும் அப்படியே.

அப்போதுதான் உன் அப்பா வாயைத் திறந்தார். "ஐயா, நீங்க குடிக்கிறது ஹெட்விக் அனுப்பின காப்பி. அவ இந்த வீட்டுக்கு ஆகாதவன்னா இதுவும் ஆகாது. கீழ வெச்சிருங்க" என்றார்.

பல்லில் சர்க்கரையோடு மனிதன் எப்படிப் பதில் பேசுவான். துப்பினால் மரியாதையில்லை, கடித்து நொறுக்கினால் நல்ல காப்பி வீண். போதகர் உன் அப்பாவைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். நான் சுற்றிலும் பார்த்தேன், அத்தனை பேர் பல்லிலும் சர்க்கரை, அத்தனை தட்டும் பாதி வழியில் நிற்கிறது, பிரித்தாவுடையதும்தான். கீழே வைத்தவர் ஒருவர்கூட இல்லை. கடைசியில் போதகர் கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினார், கட்டி கரையும்வரை உறிஞ்சினார், வாயைத் துடைத்துக்கொண்டு, "பேரு இப்போதைக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்றார். கோப்பையை மறுபடி நீட்டினார். உன் அப்பாவே எழுந்து ஊற்றினார், அந்த மனிதர் காப்பிக் கெண்டியைத் தொட்டு இதுவரை நான் பார்த்ததில்லை. பிரித்தா போகும்போது, "உம் புருஷனுக்கு நாக்கு இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்றாள். எனக்கும்தான் என்றேன்.

மறுநாள் காலை உன் நாற்காலி மேஜையைப் பார்த்து இருந்தது. பக்கத்தில் மாட்டுத் தொழுவத்து முக்காலியும் இருந்தது, கழுவித் துடைத்து.

அதனால் வா, மைல்ஸையும் கூட்டிக்கொண்டு வா. தடித்த கம்பளிக் காலுறை போட்டுக்கொள்ளச் சொல், டிராம் வண்டிக் குளிர் வேறு, இங்கத்துக் குளிர் வேறு. சாம்பல் கார நீரில் ஊறிய நம் கிறிஸ்துமஸ் மீனை முதலில் மோந்து பார்க்க விடாதே, நேராக வாயில் போடச் சொல். அவர்கள் சபையில் வெள்ளிக்கிழமை தோறும் மீன்தானாம், எலின் எதிலோ படித்தாளாம், அப்படியானால் பாதி நம் ஆள்தான். பிரித்தாவிடம் போப்பைப் பற்றி அவர் ஒன்றும் பேச வேண்டாம், அவளே பேசிக்கொள்வாள். வேலை செய்யும் வீட்டில் எஜமானியம்மாவிடம் முன்கூட்டியே விடுப்புச் சொல்லிவை.

கர்த்தர் உங்கள் இருவரையும் ரயிலிலும் பனியிலும் கைவிடாமல் காக்கட்டும். மறந்துவிடாதே, காப்பிக்கொட்டை நிறையக் கொண்டு வா, டப்பாவைப் போதகர் காலி செய்துவிட்டார், கிறிஸ்துமஸுக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா காய்சா

அக்கா, அம்மா தூங்கப் போய்விட்டாள், இது நான் எலின். "வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்க" என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று அப்பா என்னிடம் கேட்டார், யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் சொன்னார். தினமும் பால் கறக்கும்போது மாயிரோஸிடம் சொல்லிப் பழகுகிறார். உச்சரிப்பு இன்னும் சரியாக வரவில்லை. ஆனால் நேற்று அவர் உட்காரச் சொன்னதும் பசு உட்கார்ந்துவிட்டது.