வரைந்தது நான், வெட்டியது நீ

உன் லேப்டாப் இப்போது என் மேசையில் இருக்கிறது. திறந்தவுடன் மிக்சர் வாசம். ஸ்பேஸ் பட்டையின் இடுக்கில் காராபூந்தித் தூள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீ செத்து ஒரு வருடம் ஆகிவிட்டது. நீ தின்றதைத் துடைக்கும் வேலை மட்டும் இன்னும் எனக்குத்தான்.

உன் அம்மா சாமளாபுரத்திலிருந்து பஸ் ஏறி, இதை ஒரு கட்டைப்பையில் வைத்துக் கொண்டுவந்தார். "பாஸ்வேர்டு உனக்குத்தான் தெரியுமுன்னு அவ சொல்லுவா கண்ணு. உள்ள அவ போட்டோவெல்லாம் இருக்குமாமா. வருசம் திரும்பறதுக்கு ஒரு படம் பண்ணிக் குடு. அந்த நடிகருக்குப் பண்ணுவீங்கல்ல ரெண்டு பேரும், அந்த மாதிரி." முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோபம் உன்மேல்தானே, அவர்மேல் இல்லையே.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் அழுதுகொண்டு இதை எழுதவில்லை. டெங்கு என்று உன்னைச் சேர்த்ததும் எனக்குத் தகவல் வந்துவிட்டது. நான்கு நாளும் நான் வரவில்லை. எட்டு மாதமாகப் பேசாதவளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய்ப் பார்த்து நல்லபெயர் வாங்க எனக்கு விருப்பமில்லை. நீ பிழைத்து வருவாய், வந்தபிறகு சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று இருந்தேன். அதையும் நீ கெடுத்தாய்.

நம் பழக்கம் பனியன் கம்பெனியில், சோற்று நேரத்தில் ஆரம்பித்தது. பனியனில் அச்சடிக்கும் படங்களைக் கம்ப்யூட்டரில் நிறம் நிறமாகப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சு ஸ்கிரீன் போடவேண்டும் என்பதால், எந்த முகத்தையும் நான்கு நிறத்துக்குள் அடக்கியாக வேண்டும். அந்தப் பழக்கத்தில் நம் நடிகரையும் அப்படியே வரைந்துகொண்டிருந்தேன். கறுப்புத் துணி என்றால் நிழலை வரையவே மாட்டேன், துணியையே நிழலாக விட்டுவிடுவேன். நீ மாடி ஆபீசில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். சாம்பிள் வாங்க இறங்கி வந்தவள் என் திரையைப் பார்த்து நின்றாய்.

"பாதி மூஞ்சிய வரையாமலே மூஞ்சி வர வெச்சிருக்கறயேடி" என்றாய்.

என் வேலையைப் பற்றி அதைவிட நல்ல வார்த்தையை இன்றுவரை யாரும் சொன்னதில்லை. அதைச் சொன்னது நீ என்பது எனக்குப் பெரிய எரிச்சல்.

உன் கண் நல்ல கண். அதை மறுக்க மாட்டேன். எல்லா ரசிகர்களும் அவர் அடிப்பதையும் நடந்து வருவதையும் வெட்டிப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, நீ ஒரு விழா வீடியோவை முழுசாக உட்கார்ந்து பார்த்தாய். அதில் அவர் டீ குடித்து முடித்துவிட்டு, காலி கிளாஸை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேடையில் முழிப்பார். மொத்தமே மூன்று விநாடி. "எல்லாரும் அவர் ஜெயிக்கறதப் போடறாங்க. நாம அவர் முழிக்கறதப் போடலாம்" என்றாய். அப்படி அவர் தடுமாறும் இடங்களாகவே தேடிச் சேர்த்தாய். ஒவ்வொரு தடுமாற்றமும் மெல்ல என் ஓவியமாக மாறவேண்டும் என்பது உன் திட்டம். அதற்கு இருபத்தாறு படம் வரைந்தேன். டீ கிளாஸ் படத்தை மட்டும் மூன்று முறை திருப்பி அனுப்பினாய்.

"இதுல அவர் கிளாஸ எங்க வெக்கப்போறாருன்னு தெரியுது. தெரியக் கூடாது. அவருக்கே தெரியல."

உன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே நான்காவது முறை வரைந்தேன். விரலை மாற்றாமல் கண்ணை மட்டும் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினேன். சரியாக வந்துவிட்டது. நீ சொன்னது சரியாக இருந்ததற்கும் சேர்த்து ஒரு கோபம்.

வீடியோவை நீ ஏற்றிய மறுநாள் அந்த நடிகரே அதைத் தன் பக்கத்தில் பகிர்ந்தார். கம்பெனியில் செக்கிங் பிரிவுப் பெண்கள் முதல் பீகார் பையன்கள் வரை அதையே பார்த்தார்கள். வீடியோவின் கடைசியில் ஒரே ஒரு பெயர் வந்தது, உன் பெயர்.

"அய்யோ, அவசரத்துல மறந்துட்டேன்டி" என்றாய். மாற்று என்றேன். "இப்ப எடுத்துட்டு மறுபடி போட்டா அவர் ஷேர் பண்ணதே போயிரும்." சரி, கீழே எழுத்திலாவது போடு என்றேன். "போடறேன்" என்றாய். போடவில்லை. அடுத்த வாரம் ஒரு யூடியூப் சேனல்காரர்கள் உன்னைப் பேட்டி எடுத்தார்கள். என் ஓவியங்களைப் பின்னால் ஒட்டிவைத்து, கையில் ஒரு பென்சிலோடு உட்கார்ந்திருந்தாய். அகப்பை பிடிப்பதுபோல் பென்சிலைப் பிடித்திருந்தாய். அதைப் பார்த்தும் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லையே என்றுதான் எனக்கு ஆறவில்லை. அன்றோடு பேச்சை நிறுத்தினேன்.

இத்தனைக்கும், உண்மையிலேயே மறந்திருப்பாயோ என்று மனசின் ஒரு மூலையில் இருந்தது. போன ஞாயிறு மதியம் அந்த மூலையையும் காலி செய்தாய். உன் அம்மா கேட்ட படத்துக்காகத் தேடியபோது, அந்தப் பழைய வீடியோவின் வேலைக் கோப்பு கிடைத்தது. சில நிமிடத்துக்கு ஒரு தரம் தானாகச் சேமித்த பிரதிகளும் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் என் பெயர் இருக்கிறது. உன் பெயருக்கு மேலே, உன்னுடையதைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில். கடைசிப் பிரதியில் மட்டும் அந்த எழுத்து தெரியாதபடி அணைக்கப்பட்டிருக்கிறது. அணைத்தது ஆறு இருபதுக்கு.

அன்றைய வாட்ஸ்அப்பைத் தேடிப் பார்த்தேன். ஆறு பத்துக்கு நான் உனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருக்கிறேன். சீக்கிரம் ஏற்றச் சொல்லி நச்சரித்துவிட்டு, கடைசியில் சொல்கிறேன்: "கை ஒடிய வரைஞ்சது நானு. ஒட்டறதுக்கு உனக்கு இவ்வளவு நேரமாடி?"

இப்போது நான் வருத்தப்படவேண்டும், அதுதானே? மாட்டேன். பதிலுக்குத் திட்டியிருக்கலாம். உன் வாய்க்கு என்ன குறைச்சல்? ஒரு வார்த்தைக்கு இருபத்தாறு படத்தை எடுத்துக்கொள்வாயா?

துக்கம் கேட்க வருகிறவர்களிடம் அந்த வீடியோவைக் காட்டி, எல்லாம் நீ வரைந்தது என்று உன் அம்மா சொல்வது எனக்குத் தெரியும். இரண்டு நாள் கழித்து அவர் வந்தபோது சொல்லிவிட்டேன். "அம்மா, அந்த வீடியோவுல இருக்கற படமெல்லாம் நான் வரைஞ்சதுங்க."

"தெரியும் கண்ணு" என்றார் சாதாரணமாக. "அவ போட்ட கோலத்தப் பக்கத்து ஊட்டுக்காரி வந்து திருத்திப் போடுவா. அவ எங்கிருந்து மூஞ்சி வரையறா?"

"அப்பறம் ஏனுங்க வர்றவங்ககிட்டயெல்லாம் அவ வரைஞ்சதுன்னு காட்டறீங்க?"

"வர்றவங்க எல்லாரும், கண்ணாலத்துக்கு இருந்த புள்ள போயிருச்சேன்னுதான் சொல்றாங்க. இதக் காட்டுனாத்தான், உம்மக இதெல்லாம் பண்ணுவாளான்னு கேக்கறாங்க."

"அவ பண்ணதையே சொல்லுங்கம்மா. தேடி எடுத்து வெட்டிச் சேத்தது பூரா அவதானுங்க."

"வெட்டுனான்னா யாருக்கும் புரியல சாமி. வரைஞ்சான்னாத்தான் புரியுது."

எனக்கே புரியாமல்தானே ஒட்டுவது என்று சொன்னேன். ஆனால் என் படங்களை விட்டுக்கொடுக்கவும் மனசு வரவில்லை. அவை போனால் எனக்கு என்ன மிச்சம்? உன்னை நான்கு நிறத்தில் வரைந்தேன். நன்றாகவே வந்தது. உன் போட்டோக்களை வைத்து வீடியோவும் செய்தேன். அது கண்றாவி. ஒரு வெட்டுக்கூட விழவேண்டிய இடத்தில் விழவில்லை.

நேற்று உன் முதல் வருட நாள். வீட்டில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். நான் செய்ததைப் போட்டார்கள், எல்லாரும் பார்த்தார்கள். அப்புறம் யாரோ உன் பழைய வீடியோவைப் போட்டார்கள். தறி ஓட்டும் உன் பெரியப்பா, "இதெல்லாம் நம்ம புள்ள வரைஞ்சதா?" என்று உன் அம்மாவிடம் கேட்டார்.

உன் அம்மா என்னைப் பார்த்தார்.

"இல்லீங்க" என்றேன். "வரைஞ்சது நானுங்க. வெட்டுனது அவ."

உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். பெரியப்பா விடவில்லை. "வெட்டறதுன்னா என்னம்மிணி?"

வீடியோவை முதலிலிருந்து ஓட்டினேன். பின்னால் ஓடும் பாட்டின் தாளத்துக்கு விரலால் மேசையில் தட்டிக் காட்டினேன். "பாருங்க, தாளம் விழறப்ப படம் மாறல. விழறதுக்கு ஒரு துளி முன்னாடியே மாறிடுது. அப்பத்தான் கண்ணுக்கும் காதுக்கும் ஒண்ணா வருமுங்க. நான் தாளத்து மேலயே வெட்டுனேன், அதான் என்னுது இழுத்துட்டு நிக்குது."

அவர் தறியில் நாடாவைக் குறுக்கே ஓட்டுவதுபோல் கையை ஒரு தரம் வீசினார். "நாடா பாயறதுக்கு முன்னாடியே நூல் பிரிஞ்சிருக்கோணும், அந்த மாதிரியா?"

"அதேதானுங்க."

"அப்ப புள்ளைக்கு வேலை தெரிஞ்சிருக்குது" என்றார்.

உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இன்னொருக்கா போடு கண்ணு." எத்தனையோ தடவை பார்த்த வீடியோ. இந்த முறை முகத்தைப் பார்க்காமல், படம் மாறும் இடத்திலெல்லாம் முழங்காலில் விரலை வைத்து எண்ணிக்கொண்டே வந்தார்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. இந்தக் கோபம் என்னோடுதான் இருக்கும், குறைத்துக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. ஆனால் இனி யார் கேட்டாலும் இரண்டு பெயரையும் சொல்வேன். என் பெயரை முதலில் சொல்வேன். பிடிக்கவில்லை என்றால் வந்து சண்டை போடு.