மூச்சு வாங்கும் இடம்

பெரியவன் அம்மாவுக்கு, நான் சொல்லச் சொல்லப் பக்கத்துக்கடைத் தையல்காரர் எழுதுவது. நான் சுகம். சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா?

நேற்று சலவைக்கடையில் ஒரு சட்டையைக் கருக்கிவிட்டேன். கை சுடவில்லை, பயப்படாதே. பேத்தி கல்யாணத்தில் பெண்ணை அழைத்து வரும்போது போடப்போவதாகச் சின்னவன் அனுப்பிய சினிமாப் பாட்டைத் தையல்காரர் போனில் போட்டார். தேய்த்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. வீணையும் மிருதங்கமும் சேர்த்து மினுக்கியிருக்கிறார்கள். ஆனால் பெரியவன் போன அன்று நீ மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்து அழுத அதே மெட்டு.

கேட்டவர்கள் பாட்டுக்குக் கீழே எழுதியதையும் தையல்காரர் படித்துக் காட்டினார். "தெய்வீக ராகம்" என்கிறான் ஒருவன். "என் குழந்தை இதைக் கேட்டால்தான் தூங்கும்" என்கிறாள் ஒருத்தி. இரண்டாம் வரியில் பாட்டு சற்று நிற்கிறதே, என்ன அழகான சங்கதி என்று உருகுகிறான் இன்னொருவன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சங்கதியாவது மண்ணாவது! அழுறவ மூச்சு வாங்குற இடம்யா அது!" என்று கத்தினேன்.

"லட்சம் பேருக்குப் பிடிச்சிருக்கு பெரியவரே, உங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்றார் இதை எழுதும் இவர். அதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

சின்னவன் அப்போது கைக்குழந்தை, அவனுக்குத் தெரியாது. நீயும் சரி என்று தலையாட்டினாயாமே! அந்தப் பாட்டு கல்யாணத்தில் கேட்கக் கூடாது, சொல்லிவிட்டேன்.

முழங்கால் தைலம் தீர்ந்துவிட்டது, அனுப்பு. கூடவே பெரியவன் படம் ஒன்று. கடைக்கு நேரமாகிறது. ஏன் தலையாட்டினாய் என்று பதில் எழுது. மெட்டு மறந்துவிட்டது என்று மட்டும் சொல்லாதே.

பெரியவன் அப்பா