சுவருக்கு அந்தப் பக்கத்துச் செல்லோ

என் அன்பு வீட்டுக்காரருக்கு,

நீங்களும் குட்டியும் சுகம்தானே? உங்கள் முதுகுவலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை, வயிறுதான் எரிகிறது. பயப்படாதீர்கள், இதற்கு மருந்து கிடையாது.

முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பிய பரோக் நடன இசையை மனதில் வைத்து இந்தக் காலத்து ஒருவர் எழுதிய புது இசையைப் பற்றிச் சொன்னேனே? துணை வாத்தியமே இல்லாமல், ஒரே செல்லோ தன் நாலு தந்தியிலேயே இரண்டு பேர் பேசிக்கொள்வதுபோல் ஒலிக்க வேண்டும். அதை இசைப்பள்ளி மேடையில் வாசிக்க, என்னை விட்டுவிட்டு, விடுதியில் என் பக்கத்து அறைக்காரியை ஆசிரியர் தேர்ந்தெடுத்துவிட்டார். "உன் விரல் சுத்தமா இருக்கு, ஆனா அவசரப்படுற" என்றார் என்னிடம். அவளோ என்னைக் கட்டிப்பிடித்து, "அடுத்தது நீதான்" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

அதைக்கூட விடுங்கள். ஞாயிறன்று பேசும்போது, "ஒரு நிமிஷம் இருங்க" என்று போனை மேசையில் வைத்துவிட்டு அடுப்பை அணைக்கப் போனேன். திரும்பி வந்தால், "என்னமா வாசிக்கிற! இப்படி நீ வாசிச்சதே இல்ல. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு" என்கிறீர்கள். அது நானில்லை. சுவர் வழியாக வந்தது அவள் வாசிப்பு. நானும் வெட்கமில்லாமல், "அப்படியா?" என்று கேட்டுக்கொண்டேன்.

செல்லோ துடைக்க உங்கள் பழைய பருத்திச் சட்டை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

அவள் மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள், நானும் போய் வாசிக்க வேண்டும். குட்டிக்கு முத்தம். இனிமேல் கண் கலங்குவதாக இருந்தால், வாசிப்பது யார் என்று கேட்டுவிட்டுக் கலங்குங்கள்.

உங்கள் அவசரக்காரி