பின்னறைக்கு நாலாம் நம்பர்

19.1.2009, திங்கள்

காலையில் நல்ல பனி. மாடியில் காயப்போட்ட வற்றல் நமுத்துவிட்டது. திரும்ப வெயிலில் போட வேண்டும்.

மத்தி 1 கி. – ரூ. 40. மீனவர் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் செல்வி 45 சொன்னாள். "காலைல ஏலத்துலயே வெல ஏறிப்போச்சுக்கா." அது போன வாரமும் ஏறித்தான் இருந்தது.

பெட்டி விஷயத்தை மறக்கும் முன் எழுதிவைக்க வேண்டும். தம்பி ஜமால் துபாய்க்குத் திரும்பிவிட்டான். லீவில் வந்தவன் மாட்டிக்கொடுத்துவிட்டுப் போனது: ஹாலில் கம்ப்யூட்டர், அதில் டி.வி.யும் வரும். அறைக்கு அறை பிளக்கில் செருகிய சின்ன வெள்ளைப் பெட்டி, அதோடு ஒரு ஸ்பீக்கர். ரிமோட்டுக்கென்று சிம் இல்லாத பழைய டச் போன். கம்ப்யூட்டரில் எது ஓடுகிறதோ அதைப் போனிலிருந்தே வேண்டிய அறைக்கு அனுப்பலாம். அறைப் பெயர்களைத் தமிழில் அடித்துப் பார்த்தான். போனில் வெறும் கட்டம் கட்டமாக வந்தது. அதனால் நம்பர்.

1 – ஹால்
2 – மாடி (மகள் வந்தால்)
3 – அடுப்படி
4 – பின்னறை

நம்பரைத் தட்டினால் டிக். டிக் இருந்தால் அங்கே கேட்கும். எத்தனை அறைக்கும் போடலாம், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே சத்தம்தான், ஆளுக்கொன்று கிடையாது. கூட்டக் குறைக்க ஸ்பீக்கரிலேயே திருகு.

பெட்டிகளுக்கு அடியிலும் ஸ்கெட்ச் பேனாவால் நம்பர் போட்டிருக்கிறான். எல்லாம் சொல்லித் தந்துவிட்டு என்னைச் செய்துகாட்டச் சொன்னான். தப்பில்லாமல் செய்தேன்.

"மூணாங் கிளாஸோட நின்னுட்டேன்னு இனிமே யார்கிட்டயும் சொல்லாத லாத்தா."

"நின்னது பள்ளிக்கூடம். நானா நின்னேன்?"

போன் அடுப்படியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில்.

20.1, செவ்வாய்

நாத்தனார் சபீரா இன்றும் இரண்டு வாய்தான். அவள் கணவர் அன்சாரி குவைத்தில் மௌத்தாகி ஆறாவது வாரம். அங்கேயே அடக்கம். முகம் பார்க்கக்கூடக் கிடைக்கவில்லை. அவர் சம்பாதிக்கப் போனதிலிருந்தே இவள் எங்களோடுதான், ஆகவே இத்தாவும் இங்கேதான், பின்னறையில். நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது, வெளி ஆண்கள் முன்னால் வரக் கூடாது. அது மார்க்கம். ஆனால் இவள் வாயையும் சேர்த்து இத்தாவில் வைத்துவிட்டாள். "ம்." "வேணாம்." "சாப்பிட்டேன்." மூன்று சொல்லில் ஒரு பகல் ஓடிவிடுகிறது. அழவும் இல்லை. அதுதான் பயம்.

இவர் தினமும் கடைக்குக் கிளம்பும்போது தங்கையின் அறை வாசலில் நிற்பார். தொண்டையைச் செருமுவார்.

"எல்லாம் இருக்கா?"

"இருக்கு நானா."

அவ்வளவுதான். பாத்திரக் கடையில் கல்யாணக் கூட்டத்தையே பேச்சில் மடக்குகிற மனுஷன்.

சுபுஹ், லுஹர், அஸர், ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் குர்ஆன் ஓதலை 4-க்கு அனுப்புகிறேன். ஒரு வேளை தவறவில்லை. அல்லாஹ் அவள் மனதைத் தேற்றுவான்.

22.1, வியாழன்

சபீராவின் மாமியார் போன் செய்தார்கள், திருமலைராயன்பட்டினத்திலிருந்து. (இனி ப.மாமி என்று எழுதுகிறேன்.) 31ஆம் தேதி சனிக்கிழமை வருகிறார்களாம்.

"புள்ள சாப்புடுறாளா?"

"கொஞ்சம் சாப்புடுறா மாமி."

"பேசுறாளா?"

பொய் சொல்ல வரவில்லை.

"அப்ப நான் கூட்டிட்டு வந்துர்றேன். மிச்ச இத்தாவ எங்க வீட்டுல இருக்கட்டும். எம் மவன் பொஞ்சாதி, எங் கண்ணு முன்னால இருக்கட்டும். ஒங்க வீட்டுல ரூமுக்கு ரூமு பாட்டுப் பொட்டி மாட்டியிருக்குன்னு வேற சொல்றாங்க."

பாட்டு இல்லை, ஓதல்தான் என்றேன். "சனிக்கெழம பாக்குறேன்" என்று வைத்துவிட்டார்கள்.

தப்பான மனுஷி இல்லை. மகனைப் பறிகொடுத்தவர். ஆனால் அந்த வீட்டில் அவரும் மாமாவும் மட்டும்தான். இங்கே இருப்பதைவிடப் பெரிய அமைதிக்குள் இவளைக் கொண்டுபோய் வைத்தால்?

இவரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அவ இஷ்டத்தக் கேளு" என்றார். இஷ்டத்தைச் சொல்லத்தான் வாய் வேண்டுமே.

மண்ணெண்ணெய் – 5 லி. உளுந்து – 1 கி.

25.1, ஞாயிறு

மனது சரியில்லை.

பின்னறையில் விரிப்பு மாற்றினேன். சபீரா குளிக்கப் போயிருந்தாள். ஓதல் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய நேரம், ஆனால் அறையில் சத்தமே இல்லை. போனில் பார்த்தேன், 4-இல் டிக் சரியாக இருந்தது. ஸ்பீக்கரைப் பார்த்தேன். திருகு அடிமட்டத்தில். மற்ற இடமெல்லாம் தூசு, திருகில் மட்டும் விரல் தடம்.

இத்தனை நாள் யாருக்கு அனுப்பினேன்?

கோபம் வந்தது. பிறகு வெட்கம், ஏன் என்று தெரியவில்லை. அவள் வந்ததும் எதுவும் கேட்கவில்லை. திருகையும் கூட்டவில்லை.

மின்சார மீட்டர் குறித்துவைத்தேன். பெட்டிகளால் பெரிய வித்தியாசம் இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.

28.1, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

இவர் மதியம் சாப்பிட வந்தவர் கடைக்குத் திரும்பவில்லை. தலைவலி என்றார். பதினெட்டு வருஷம் சவுதியில் தலைவலி என்று ஒரு நாள் படுக்காதவர். நான் துணி துவைக்கக் கொல்லைப்பக்கம் போனேன். வாளியோடு திரும்பினால் பின்னறையில் ஆண் குரல்.

இத்தா அறையில் ஆண் குரல்! அடுத்த நொடி ஆயிரம் பேர் கத்தும் சத்தம். வாளியை வைத்துவிட்டுக் கதவைத் தள்ளினேன். கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, காதை ஸ்பீக்கர் பக்கம் சாய்த்து சபீரா. திருகு பாதிக்கு மேலே. என்னைப் பார்த்ததும் கை திருகுக்குப் போனது.

கிரிக்கெட்.

வெளியே வந்தேன். உப்பு ஜாடி பக்கத்தில் போன் இல்லை. ஹாலில் இவர், கையில் போன், 1-க்கும் 4-க்கும் டிக். டி.வி. படத்தை மூடிவிட்டுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"தலவலி."

"தலவலிக்கு மேட்ச்சா?"

போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இத்தா இருக்குற புள்ள ரூமுல ஆம்பளைங்க கத்துறாங்க."

"கத்துறவன் ஸ்டேடியத்துல இருக்கான். இங்கயா வந்துட்டான்?"

நான் நகரவில்லை. என்னைப் பார்க்காமலே சொன்னார்: "சின்னதுல ரேடியோவ நடுவுல வச்சுக் கேப்போம். சபிதான் ஸ்கோர் எழுதுவா. நான் தப்பாச் சொன்னாக் குட்டுவா. இப்ப அவகிட்டப் போயி நின்னா எனக்கு வாயே வரல. இது ஒண்ணுதான் ரெண்டு பேருக்கும் தெரியும்."

அப்போது பின்னறையிலிருந்து ஒரு சத்தம். "ப்ச்!" அவ்வளவுதான். யாரோ கேட்சை விட்டுவிட்டானாம். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. புது மாப்பிள்ளை மாதிரி.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு மார்க்கப் புத்தகத்தில் இத்தா பாடத்தை எடுத்தேன். கூடாதவை: பூ, அத்தர், கண்ணுக்குச் சுர்மா, மருதாணி, அலங்கார உடுப்பு, நகை, தேவையில்லாமல் வெளியே போவது. கிரிக்கெட் இல்லை. இரண்டு தடவை தேடினேன்.

29.1, வியாழன்

சோறு கொண்டுபோனேன். "மச்சி" என்றாள், அண்ணியை அழைக்கும் அதே பழைய குரலில். அவளாகக் கூப்பிட்டு எத்தனை நாள்!

"கோவமா?"

"எதுக்கு?"

"ஓதுறதக் கொறச்சு வச்சதுக்கு."

தெரிந்துதான் இருக்கிறது அவளுக்கு.

"அந்தச் சத்தம் பொட்டிலேருந்து வந்தா, குவைத்துலேருந்து போன் வந்த அன்னக்கி மாதிரியே இருக்கு மச்சி. அன்னக்கிப் பூரா ஓதுற சி.டி. ஓடிட்டே இருந்துச்சு. நிறுத்தவே இல்ல. பாவமா நான் செஞ்சது?"

தட்டை ஓரமாக வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு மனப்பாடமான, குர்ஆனின் சிறிய சூராக்களை மெதுவாக நானே ஓதினேன். ஆலிம்கள் மாதிரி ராகம் வராது. அவள் உதடும் கூடவே அசைந்தது.

இரண்டு மத்தி சாப்பிட்டாள்.

30.1, வெள்ளி

நாளை ப.மாமி வருகை. செய்தது: ஹால், பின்னறை கழுவியது. ஒட்டடை. வெள்ளைப் பெட்டிகளையும் கழற்றி ஈரத்துணியால் துடைத்துச் செருகியது. ஜன்னல் திரை. இறால் வைத்துச் சுடும் வாடாவுக்கு மாவு அரைத்தது. செய்யாதது: இவரிடம் நாளைக்கு மேட்ச் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்வது. சொல்லத்தான் போனேன். "மாமி நாலு மணிக்குத்தான வருது, மூணே முக்காலுக்கு நிறுத்திர்றேன்" என்று அவரே முந்திக்கொண்டார்.

31.1, சனி

மூன்று மணிக்கே வந்துவிட்டார்கள்.

கார் சத்தம் கேட்டு இவர் எட்டிப்பார்த்தார். கையில் போன். 1, 4 இரண்டிலும் டிக். பின்னறைக்குத்தான் மாமி போவார்கள் என்று 4-ஐ முதலில் எடுத்தார். ஹாலிலும் சத்தம் நின்றுவிட்டது. மொத்தமும் நின்றுவிட்டது என்று நினைத்து, போனைப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

மாமி ஹாலில் உட்கார்ந்தார்கள். கையில் தஸ்பீஹ் மணி. "வீடு அமைதியாத்தான் இருக்கு" என்றார்கள். தண்ணீர் கொடுத்தேன். முதல் மிடறு. பின்னறையிலிருந்து ஸ்டேடியமே எழுந்து கத்தியது.

மணி உருட்டிய விரல் நின்றுவிட்டது.

"யாரு உள்ள? எத்தன ஆம்பளைங்க?"

"மாமி, அது பொட்டி. நான்தான் தொடச்சு வச்சேன், என்னமோ தப்பாயிருச்சு" என்றேன் நான்.

"இல்ல மாமி, போட்டது நான்" என்றார் இவர்.

உள்ளேயிருந்து, திரைக்குப் பின்னால்: "நான்தான் போடச் சொன்னேன் மாமி. அவங்க ரெண்டு பேரையும் ஒண்ணும் சொல்லாதீங்க."

சபீரா அப்படி எதுவும் கேட்கவே இல்லை. சுத்தப் பொய். முழுசாக ஒரு வாக்கியம், குரலும் தெளிவு.

மாமி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "ஒரு பொட்டிக்கு மூணு பேரு ஜவாப்தாரியா?" என்று சொல்லிக்கொண்டே எழுந்து உள்ளே போனார்கள். இவர் கம்ப்யூட்டர் வயரையே பிடுங்கிவிட்டார்.

வாடா தட்டோடு நான் பின்னறை வாசலில் நின்றுவிட்டேன். ஒட்டுக்கேட்டது என்றே எழுதிக்கொள்கிறேன்.

"ஒனக்கு இதெல்லாம் புரியுமா?"

"புரியும் மாமி."

"அவனுக்கு ஆவவே ஆவாது. கால்பந்துதான். இத வச்சா ஒடனே மாத்திருவான்."

"ஆமா. லீவுல வந்தா எங்களுக்கு ரிமோட்டுக்குத்தான் சண்ட. தலவாணிக்கு அடியில ஒளிச்சு வச்சிக்கிட்டுத் தூங்குவாங்க..."

அங்கேயே உடைந்துவிட்டாள். ஏழு வாரமாக வராத அழுகை. மாமியும். இடையில் ஒரு சிரிப்பும் வந்த மாதிரி இருந்தது, யாருடையது என்று தெரியவில்லை. வாடா ஆறிப்போயிற்று. நான் உள்ளே போகவில்லை.

அஸர் தொழுதுவிட்டு மாமி புறப்பட்டார்கள். சபீராவின் துணிப்பையை எடுத்துவைக்கவா என்று கேட்டேன்.

"வேணாம்மா. கேட்டுட்டேன், இங்கயே இருக்கேங்குறா. எங்க வீட்டுல அவ மூச்சு சத்தங்கூடக் கேக்காது. இங்க பொய் சொல்லவாவது வாயத் தொறக்குறா." செருப்பைப் போட்டுக்கொண்டு இவர் பக்கம் திரும்பினார்கள். "பாங்கு சொல்றப்பவாவது நிறுத்துங்க."

"நிறுத்திர்றோம் மாமி."

1.2, ஞாயிறு

பெட்டிகளை எடுத்து அடியில் பார்த்தேன். துடைத்தபோது மாற்றிச் செருகியிருக்கிறேன். 1 பின்னறையில், 4 ஹாலில். பழையபடி மாற்றிவிடவா என்று இவரிடம் கேட்டேன்.

"வேணாம், வுடு. இனிமே ஒண்ணாம் நம்பரு சபி."

திருத்தம்: 1 – பின்னறை. 4 – ஹால்.

3.2, செவ்வாய்

வெயில். வற்றல் நன்றாகக் காய்ந்துவிட்டது. தேங்காய் 4.

கடைக்குச் சரக்கு வந்து இறங்குகிறது, இவரால் வர முடியவில்லை. போன் செய்தார்.

"மேட்ச் ஆரம்பிச்சிருச்சு. போட்டுவுடு."

"எனக்கு அதெல்லாம்..."

"ஒண்ணத் தட்டு. அவ்வளவுதான்."

தட்டினேன். அப்படி என்னதான் இருக்கிறது என்று 3-க்கும் ஒரு டிக் போட்டுக்கொண்டேன். அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன். ஒன்றும் விளங்கவில்லை. ஓடுகிறார்கள், ஓடாமல் நிற்கிறார்கள், இரண்டுக்கும் கைதட்டுகிறார்கள்.

பள்ளிவாசலில் அஸர் பாங்கு. மாமிக்குக் கொடுத்த வாக்கு. எல்லா டிக்கையும் எடுத்தேன்.

"மச்சீ!" வீடு அதிர்கிற மாதிரி பின்னறையிலிருந்து. "ரன் அவுட்டு மச்சீ! தேர்ட் அம்பயர்கிட்டப் போயிருக்கு!"

"பாங்கு சொல்றாங்க!"

"எனக்கும் கேக்குது! முடிஞ்ச ஒடனே போடுங்க!"

முடிந்த உடனே போட்டேன். முடிவு சொல்லி அடுத்த பந்தே போட்டுவிட்டார்கள். அவுட்டா இல்லையா, இருவருக்கும் தெரியவில்லை. "ரன் அவுட்டுன்னா என்ன புள்ள?" என்று அடுப்படியிலிருந்தே கேட்டேன்.

"இங்க வந்து உக்காருங்க, சொல்லித் தர்றேன்."

தொழுதுவிட்டு வருகிறேன் என்றேன். தொழுதாயிற்று. இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், அதற்குள் மறுபடியும் கூப்பிடுகிறாள். போகிறேன்.