பதினொருவரும் சுயேச்சை

பலெர்மோ
10.11.1996

அன்பின் மச்சான் பிரசாந்,

இத்தால் கொழும்புவாழ் பெருமக்களுக்கு ஆழ்ந்த துயருடன் அறியத்தருவது: எனது வலது கால் சப்பாத்தின் அடித்தோல் நேற்று ஒரேத்தோ மைதானத்தில் அகால மரணமடைந்தது. மலர்வளையம் வேண்டாம்.

இனிச் சின்னச் செய்தி. எங்கள் கல்லூரி உதைபந்தாட்ட அணி லீக்கை விட்டு விலகிவிட்டது. தலைவர் யார்? சாட்சாத் அடியேன்! விளையாடுகிற எல்லோரும் பேர்மெஸ்ஸோ காட்ட வேண்டுமாம். இந்த நாட்டில் இருக்க விடுகிற கடதாசி. எங்கள் கோல்கீப்பர் கிறிகோரியிடம் அது இல்லை. வகுப்பில் இருந்து படிக்க அது தேவையில்லை, பந்துக்குப் பின்னால் ஓடத்தான் தேவையாம்! "கிறிகோரி இல்லையெண்டா நாங்களும் இல்லை" என்று மேசையில் அடித்துவிட்டு வந்தேன். மேசை இன்னும் ஆடுகிறதாம்.

இனி நாங்கள் சுயேச்சை. எவன் கூப்பிட்டாலும் விளையாடுவோம்.

தலைவர் யசிந்தன்

*

வெள்ளவத்தை
2.12.1996

தலைவர் அவர்களுக்கு,

சப்பாத்துக்கு மௌன அஞ்சலி செலுத்தினேன். ஆனால் மச்சான், உனக்கு மூளை கழண்டிட்டுதோ? போன வருடம் அரையிறுதிக்கு வந்த அணி! ஒருத்தனுக்காகப் பத்துப் பேர் கப்பை விடுவதா? அவனைக் கழட்டிவிடு, வேறு கீப்பர் கிடைப்பான். இங்கே நான் ரியூசனுக்குப் போவதற்கே சென்றியில் ஆமிக்கு அடையாள அட்டை காட்டுகிறேன். கடதாசி இல்லாதவன் வீட்டில் இருக்க வேண்டியதுதானே.

கோபிக்காதே.

பிரசாந்

*

பலெர்மோ
16.2.1997

பிரசாந்துக்கு,

மச்சான் என்று எழுதவில்லை, கவனி.

கழட்ட மாட்டோம். லீக்காரர் திரும்பவும் ஆள் அனுப்பினார்கள், "அந்தப் பெடியனை விட்டிட்டு வாங்கோ" என்று. போகவில்லை.

காபோ சந்தை மீன்காரரோடு மோதினோம். மீன் வெட்டிய கையோடு வந்தார்கள். கிறிகோரி பந்தை விட்டுவிட்டு மூக்கைப் பிடித்ததில் ஐந்து கோல் வாங்கினோம். லிபெர்த்தா என்கிற பணக்காரத் தெருவில் வீட்டுவேலை செய்கிற எங்கள் அண்ணைமார், எசமானி சிஞ்ஞோராக்களின் நாய்களை உலாத்தக் கூட்டிப்போகும் சாட்டில் வந்து, அவற்றைத் தங்கள் கோல் கம்பத்தில் கட்டிவிட்டு ஆடினார்கள். கிட்டப் போக எவனுக்குத் துணிவு? சமநிலை.

தோற்ற பக்கம் கடலைமாப் பொரியல் வைத்த பாண் வாங்கிக் கொடுக்க வேண்டும். அதுதான் எங்கள் கப். உன் கப்பைத் தின்ன ஏலுமா?

யசிந்தன்

*

வெள்ளவத்தை
20.3.1997

மச்சான்,

நான் எழுதியது பிழை. கிறிகோரிக்கு ஒரு சோடி கையுறை தபாலில் அனுப்பியிருக்கிறேன். நான் தந்தேன் என்று சொல்லு.

பிரசாந்

*

பலெர்மோ
4.5.1997

அன்பின் மச்சான்,

லீக் இறுதியாட்டம் முடிந்தது. அன்று நாங்கள் பக்கத்து வெளியில் எங்களுக்குள்ளேயே இரண்டாய்ப் பிரிந்து விளையாடினோம். இறுதியாட்டம் பார்க்க வந்த சனம் கப்பை விட்டு எங்களைப் பார்த்தது. வருகிற வருடமும் சுயேச்சைதான்.

கையுறை கிடைத்தது. கிறிகோரியிடம் கொடுக்கவில்லை. அவன் பின்வரிசைக்காரன், பேர்மெஸ்ஸோவும் வைத்திருக்கிறான். கையுறை எனக்குத்தான் அளவு. கீப்பர் நான். கடதாசி இல்லாதவனும் நான்.

தலைவன் விமலராஜ். மேசையில் அடித்தவனும் அவன்தான். நான் வாசலுக்கு வெளியே தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். உன் முதல் கடிதம் வந்த அன்று அவனிடம் போய், "என்னைக் கழட்டிவிடடா, நீங்கள் லீக்குக்குப் போங்கோ" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"விசர்க்கதை கதையாதை. ஞாயிற்றுக்கிழமை மட்ச் இருக்கு. நேரத்துக்கு வா."

யசிந்தன்